பல் பதிந்த மூடி

சட்டைப் பையில் கிடைக்கும் பேனாவில் மட்டும்தான் எழுதுவேன். கடையில் வாங்கிய பேனா ஆகாது. யாராவது ஆசையாகக் கொடுத்த பேனாவும் ஆகாது. யாரோ ஒருவர் மறந்துபோய்ச் சலவைக்குப் போட்ட துணியிலிருந்து அது என் கைக்கு வந்திருக்க வேண்டும்.

மாமாவின் சலவைக்கடையில் எனக்குப் பை பார்க்கிற வேலை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. துணி இயந்திரத்துக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பையிலும் கைவிட்டு, உள்ளே இருப்பதை எடுத்துவிட வேண்டும். பயணச்சீட்டு வரும், மாத்திரை வரும், மடித்து மடித்து மாவாகிப் போன காகிதம் வரும். ஒருமுறை ஒரு குழந்தையின் பால்பல் வந்தது, பஞ்சில் சுற்றி. எல்லாவற்றையும்விட ஆபத்தானது பேனாதான். ஒன்று தப்பி உள்ளே போனால் நாற்பது சட்டை நாசம். "பை பாக்கறதுக்கு வாய் வேணாம், கை போதும். அவளுக்கு ஏத்த வேலை" என்று அம்மாவிடம் சொல்லித்தான் மாமா என்னைச் சேர்த்துக்கொண்டார்.

பொருள் கிடைத்தால் அந்தத் துணியின் டோக்கன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, பொருளைச் சுற்றி ஸ்டேப்ளர் பின் அடித்து, பிஸ்கட் டப்பாவில் போடுவேன். மூன்று மாதம் வைத்திருப்போம். அதற்குள் யாரும் கேட்டு வராவிட்டால் மாமா, "தூக்கிக் குப்பையில போடு" என்பார். மற்றதையெல்லாம் போடுவேன். பேனாவைப் போடமாட்டேன்.

முதலில் கிடைத்தது பச்சைப் பேனா, ஒரு நர்ஸின் வெள்ளைக் கோட்டிலிருந்து. எழுதுகிறதா என்று பார்க்க ஒரு ரசீதின் பின்பக்கத்தில் கிறுக்கினேன். கிறுக்கல் ஒரு வரியானது. ஒரு பெண் ஆஸ்பத்திரிப் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுகிறாள். மொத்தம் நாற்பத்தாறு படி. கடைசிப் படியில் தினமும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் பிறந்ததற்கு அப்புறம் ஆஸ்பத்திரிக்குள் போனதே இல்லை. எனக்குத் தெரியாதது எனக்கு எப்படி வரும்? பேனாக்காரிதான் சொல்கிறாள் என்று பட்டது. அவள் கையில் இத்தனை நாள் இருந்த பேனா, அவளுடையதைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்திருக்கும்தானே. அன்றிலிருந்து ஒரு பேனாவுக்கு ஒரு கதை. மை தீர்வதற்குள் கதையும் முடிய வேண்டும். இப்படி ஒன்பது பேனா, ஒன்பது கதை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு புது டீச்சர் வந்தார். பெயர் கூப்பிட்டால் எழுந்து, கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரவில்லை என்றுதான் போடுவேன் என்றார். நான் எழுந்தேன். வாயும் திறந்தது. சத்தம்தான் வரவில்லை. அவருடைய மேஜைக்கு இரண்டு கை தூரத்தில், முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குத் தொடர்ந்து பதினோரு நாள் வரவில்லை என்று விழுந்தது. பன்னிரண்டாம் நாள், போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதானே என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். யாரும் தேடி வரவில்லை. அவர்கள் கணக்குப்படி நான் முன்னமே போயிருந்தேன்.

கடையில் மூன்று பேர்தான். மாமா, நான், அப்புறம் ஆவி அக்கா. நாள் முழுக்க நீராவி இஸ்திரிப் பெட்டியோடு புகைமூட்டத்துக்குள் நிற்பதால் மாமா வைத்த பெயர் அது. "பேய்க்குப் பயந்தவங்க நம்ம கடைக்கு வரமாட்டாங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மதியம் இரண்டு மணிக்கு மாமா தேய்த்த துணிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கப் போய்விடுவார். ஆவி அக்கா அழுக்கு மூட்டைகளின் மேல் கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். மூன்றரைவரை கடை என்னுடையது.

பின்னறையில் கூரைக்குக் கீழே ஒரு நீளக் கம்பி. அதில் நீள நீளமான கோட்டுகள் வரிசையாகத் தொங்கும். அவற்றுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பேர் எதிரெதிரே உட்காரும் அளவுக்கு இடம் உண்டு. அங்கே இரண்டு வாளிகளைக் கவிழ்த்து வைத்திருப்பேன். ஒன்று எனக்கு. எதிரே இருப்பது பேனாவின் சொந்தக்காரருக்கு. அந்த வாளியின் மேல் நான் காலோ கையோ வைத்ததில்லை. இடது செருப்பைக் கழற்றிவிட்டு, பேனாவை மூடிய கைக்குள் வைத்து நூறு எண்ணுவேன். எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டுவிட்டால் அந்த வரியை அடித்துவிட வேண்டும், அதே வரியை மறுபடி எழுதக் கூடாது. நல்ல வரிகள் எத்தனையோ அப்படிப் போயிருக்கின்றன. பரவாயில்லை. நூறு எண்ணி முடித்ததும் எதிர்வாளியில் யாரோ வந்து உட்கார்வது தெரியும். முகம் தெரியாது. முழங்கால்கள் மட்டும் என் முழங்கால்களுக்கு எதிரே இருக்கும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். நாளெல்லாம் என்னோடு பேசியவர்களை எண்ணிப் பார்த்தால் அவரும் அதில் ஒருவர். பல நாள் அவர் மட்டும்தான்.

எழுதுவது ரசீதுப் புத்தகங்களின் பின்பக்கத்தில். மாமா ஒரு வருடம் அச்சடித்த இருநூறு புத்தகங்களிலும் தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. ஊரார் எல்லாம் யாரோ ஒரு புண்ணியவானைக் கூப்பிட்டு, "என் பேண்ட் ரெடியா?" என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அந்த மனிதர் கடைக்கே வந்து கத்திவிட்டுப் போனார். புத்தகங்கள் பரணுக்குப் போயின. நான் எழுதியவையும் எழுதாதவையும் அங்கே ஒரே கட்டாகக் கிடக்கின்றன. பிரித்துப் பார்க்கிறவர்கள் யாரும் இல்லை.

பத்தாவது பேனாவில்தான் தப்பு செய்தேன்.

ஒன்பதாவது தீர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. டப்பாவில் இருந்த பேனா எதற்கும் மூன்று மாதம் முடியவில்லை. மதியத்தில் வாளியில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த ஐந்து வாரத்தில் நான் "ம்" தவிர வேறு என்ன பேசினேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அப்போது டோக்கன் நானூற்றுப் பதினேழு, பழுப்பு நிறக் கால்சட்டை. பையில் தடித்த கறுப்புப் பேனா. மூடி முழுக்கப் பல் பதிந்திருந்தது. மேலே, பக்கவாட்டில், கொக்கியில்கூட. உடம்பில் இருந்த சிறு கண்ணாடி வழியே பார்த்தால் மை கழுத்துவரை நின்றது. இவ்வளவு கடித்துக் கடித்து யோசித்தவர் எவ்வளவு சொல்லுவார் என்று நினைத்தேன். பதினெட்டு நாள் பொறுத்தேன். பத்தொன்பதாம் நாள் பின்னைக் கழற்றாமல், சுற்றியிருந்த சீட்டிலிருந்து பேனாவை மட்டும் உருவிக்கொண்டேன். குழல் மாதிரி சீட்டு டப்பாவிலேயே கிடந்தது.

வந்தது லிஃப்ட்காரியின் கதை. பதினான்கு மாடிக் கட்டிடம். அவள் பொத்தான்களைப் பார்த்தபடி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். ஏறுகிறவர்கள் எண்ணைச் சொல்வார்கள், அவள் அழுத்துவாள். அவர்களுக்கு அவள் முதுகு மட்டும் தெரியும். அவளுக்கு அவர்களுடைய குரலும் செருப்பும் தெரியும். அவர்களை மாடி எண் வைத்துத்தான் அவள் நினைத்துக்கொள்வாள்: ஆறு இன்றைக்கு இருமுகிறார், பதினொன்றுக்குப் புதுச் செருப்பு. எத்தனையோ வருடமாக ஏறி இறங்கும் அவள் ஒரு மாடியில்கூட வெளியே கால் வைத்ததில்லை. ஒருநாள் இறங்கிவிடுவது என்று முடிவு செய்கிறாள். இதுவரை நான் எழுதியதிலேயே நீளமானது. நூற்றறுபது ரசீதுக்கு மேல் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: அவள் எந்த மாடியில் இறங்குகிறாள், இறங்கினால் அங்கே என்ன? அதை எதிர்வாளிக்காரர் நாளைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் என்று மூன்று நாளாகக் காத்திருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை எண்பத்திரண்டுவரை எண்ணியிருப்பேன், முன்னால் மேஜை மணி அடித்தது.

பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு ஓடினேன். ஐம்பது வயது இருக்கும் ஒருவர், கையில் ஒரு கோட்டு. முன்பே பார்த்த முகம்தான். சட்டைக் கையில் பென்சில் தூள்.

"இத வெளுக்கணும்மா. அப்புறம் இன்னொரு விஷயம். போன தடவை ஒரு பேண்ட் போட்டேன், பிரவுன் கலர். அதுல ஒரு பேனா வந்துச்சா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"கறுப்புப் பேனா. தடியா இருக்கும். மூடி பூரா பல்லு." சிரித்தார். "எலி இல்ல, நான்தான்."

கொண்டை கனத்தது. அவர் மேஜை ஓரத்தில் இருந்த டப்பாவைக் காட்டி, "அதுல கொஞ்சம் பாரேன்" என்றார். திறந்து நகர்த்தி வைத்தேன். அவரே துழாவினார். குழல் சீட்டை எடுத்தார். விரலை உள்ளே விட்டு மறுபக்கம் வெளியே எடுத்தார்.

"நானூத்திப் பதினேழு. என் நம்பர்தான். சீட்டு இருக்கு, ஆளக் காணோமே!"

"இல்ல" என்றேன். வெளி ஆள் ஒருவரிடம் பல மாதங்களுக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை. அதுவும் பொய்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோல் சொன்னார்.

"நான் வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்து போடறேன்மா. அந்தப் பேனா வாயில இருந்தாத்தான் வார்த்தை வரும். சிகரெட்ட விட்டப்போ புடிச்ச பழக்கம். வேற பேனாவ கடிச்சுப் பாத்துட்டேன், ஸ்பூனக் கடிச்சுப் பாத்துட்டேன். ஊஹூம். ஆறு வாரமா பழைய கட்டத்தையே திருப்பித் திருப்பி அனுப்பறேன். எவனாவது கண்டுபிடிச்சுத் திட்டி லெட்டர் போடுவான்னு பாக்கறேன், ஒருத்தன் போடல. அது அதவிட வயித்தெரிச்சல்."

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். அவர் தொடர்ந்தார்.

"இதுல வேடிக்கை என்னன்னா, அந்தப் பேனாவுல நான் ஒரு எழுத்துகூட எழுதினதில்ல. கட்டத்துக்கெல்லாம் பென்சில்தானே, அழிக்கணுமே! வாங்கின அன்னிக்கி இருந்த மை அப்படியே இருக்கும். கடிக்கறதுக்கு மட்டும்தான் அது. சரி, கிடைச்சா எடுத்து வைம்மா. வெள்ளிக்கிழமை கோட்டுக்கு வருவேன்ல."

கோட்டுக்கு டோக்கன் போட்டுக் கொடுத்தேன். அவர் தெருவில் இறங்கி, வாயில் கட்டைவிரலை வைத்துக் கடித்துக்கொண்டே போனார்.

திருடி என்று பிடிபட்டிருந்தால்கூட அப்படி இருந்திருக்காது. ஒரு எழுத்துகூட எழுதினதில்ல. அப்படியானால் அந்தப் பேனாவுக்குள் யாரும் இல்லை. மூன்று வாரமாக எதிர்வாளியில் உட்கார்ந்து லிஃப்ட்காரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது யார்?

"யாருடி வந்தது?" பின்னாலிருந்து ஆவி அக்கா.

"கோட்டு."

"கோட்டு தானா நடந்து வந்துச்சாக்கும். அது சரி, கொண்டையில என்ன குத்தி வெச்சிருக்க?"

கையை மேலே கொண்டுபோய்ப் பேனாவை உருவினேன். வாசலில் பேசியது முழுக்க அவள் காதில் விழுந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"அடிப்பாவி! அந்த மனுஷன் பேனாவா இது? தலையில வெச்சிக்கிட்டே இல்லன்னியே, என்ன நெஞ்சழுத்தம்!" மூட்டையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "இத வெச்சிக்கிட்டுத்தான் தெனமும் அந்தக் கோட்டுக்குப் பின்னால என்னவோ பண்றியா?"

"நீங்க தூங்குவீங்களே."

"மதியத்துல எனக்குத் தூக்கம் வந்து எத்தனையோ வருஷமாச்சு. நீ அங்க போய் அழறேன்னு நெனச்சேன். அழறவங்கள எட்டிப் பாக்கக் கூடாதுல்ல? அதான் கண்ண மூடிட்டுக் கெடப்பேன். இடுப்பு செத்துப்போவும், அந்த மூட்டையில படுத்து."

"அழல."

"பின்ன?"

"எழுதறேன்."

"என்னத்த?"

பேனாவை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். அவள் எழுந்து தன் இடத்துக்குப் போனாள். இஸ்திரிப் பெட்டியைத் தட்டிவிட்டாள். ஆவி எழுந்து அவளை மறைத்தது. உள்ளேயிருந்து, "குடுத்துடுடி, பாவம்" என்று மட்டும் கேட்டது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் உட்கார்ந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றினேன். நூறு எண்ணினேன், மறுபடி நூறு எண்ணினேன். எதிர்வாளி வாளியாகவே இருந்தது. அடியில் ஒட்டியிருந்த சோப்புக் காரைகூடத் தெரிந்தது. லிஃப்ட்காரி ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தாள். ஒரு வரி வரவில்லை.

வியாழக்கிழமை பரணில் ஏறி, பழைய ஒன்பது கதைகளையும் இறக்கினேன். எழுதி முடித்த கதையைத் திரும்பப் படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. படித்தால் அடுத்தது வராது என்று ஒரு பயம். இப்போதுதான் எதுவும் வருவதில்லையே. பச்சைப் பேனாவை முதலில் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் நாற்பத்தாறு படி. எங்கள் வீட்டு மாடிக்கும் நாற்பத்தாறு படிதான். தினமும் எண்ணிக்கொண்டுதான் ஏறுகிறேன். காக்கிச் சட்டையில் கிடைத்த ஐந்தாவது பேனாவில், ஒரு லாரிக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்குப் போன் செய்து, "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறார். அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார். சாப்பிட்டேன் என்று நானும் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்பேன். எழுதும்போது இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? ஒன்பது கதையிலும் யாரோ ஒருவரை மற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருந்தார்கள். ஒன்பது பேர் வந்து ஒன்பது விதமாகச் சொன்னார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் வந்திருக்கவில்லை. இரண்டு வருடமாக அந்தக் கோட்டுகளுக்குப் பின்னால் நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன்.

நல்ல செய்தியாக அதை எடுத்துக்கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே நாளில் பத்துப் பேரை இழந்தவள் மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மா, "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். "ம்" என்றேன். "ம்முன்னா என்ன அர்த்தம்? கிணத்துல கல்லப் போட்ட மாதிரி!" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவர் மதியம் வருவார், மாமா இருக்கமாட்டார், சத்தமில்லாமல் பேனாவைக் கோட்டுப் பையில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். பேனாவைப் பழைய சீட்டுக்குள் செருகி, இடுப்பில் வைத்திருந்தேன். அவர் காலையிலேயே வந்துவிட்டார். மாமா மேஜையில் இருந்தார்.

"பேனா ஒண்ணு கேட்டிருந்தேன். அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்."

"இவகிட்டயா சொன்னீங்க? நல்லாச் சொன்னீங்க போங்க! இது சரியான ஊமைக்கோட்டான் சார். செவுத்துகிட்ட சொல்லியிருந்தா திரும்பிப் பதிலாவது வந்திருக்கும்." மாமா திரும்பினார். "ஏய், சார் பேனா எதாவது வந்துச்சா? வாயத் திறந்து சொல்லேன், முத்தா உதிர்ந்துடும்?"

எழுந்து நின்றதும் வகுப்பு மாதிரியே இருந்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மாமா மேஜையில் விரலால் தட்டினார். குறுக்கெழுத்துக்காரர் சீட்டுக் குழலை முன்பு பார்த்ததுபோலவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இஸ்திரிப் பெட்டியின் ஸ்ஸ் என்ற சத்தம் நின்றுபோனது.

"நான்தான்" என்றேன். "நான்தான் எடுத்தேன்."

கடைசிப் பெஞ்சுக்குக் கேட்டிருக்கும். பேனாவை மேஜையில் வைத்தேன்.

மாமாவின் முகம் சிவந்து கறுத்தது. "துணி போடற எடத்துல பொருளுக்குக் காவல் இல்லன்னா நாளைக்கி எவன் வருவான் இந்தக் கடைக்கு? சொந்த அக்கா பொண்ணாச்சேன்னு வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்!" என்று ஆரம்பித்தார். அது பாட்டுக்கு ஓடியது. குறுக்கெழுத்துக்காரர் அது எதையும் காதில் வாங்கவில்லை. பேனாவை வெளிச்சத்தில் தூக்கிக் கண்ணாடி வழியே பார்த்தார். மை அடியில் ஒரு விரல் கனம்தான் இருந்தது.

"இவ்வளவும் எழுதினியா?"

தலையாட்டினேன்.

"மூணு வாரத்துல? நான் ரெண்டு வருஷத்துல ஒரு கோடு போட்டதில்ல!" மூடியை இழுத்துக் கழற்றினார். உடனே வாயில் வைத்துக் கடித்தார். கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். பேனாவின் உடம்பை என் பக்கம் தள்ளினார்.

"இது எனக்கு ஆகாது. எழுதின பேனா. இதுல இப்ப நீ ஏறிட்ட. இனிமே இதப் பக்கத்துல வெச்சா என் வார்த்தைக்கு நடுவுல உன் வார்த்தை வரும். எனக்கு மூடி போதும்."

"சார், நீங்க வேற, அவளுக்குப் போய்…" என்றார் மாமா.

"அட, விடுங்க. மூடியக் கடிக்காம பத்திரமா வெச்சிருந்திருக்கா. அது போதாதா?"

கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மூடியைப் பல்லில் பிடித்தபடியே போய்விட்டார். என்ன எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று, கேட்டால் என்ன சொல்வது என்று, நான் பயந்துகொண்டே இருந்தேன். கேட்காமல் போனதும் தெருமுனை வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா அன்றைக்கே எனக்குப் பை பார்க்கிற வேலையை நிறுத்தினார். இனி அதை அவரே பார்ப்பாராம். எனக்குத் துணி மடிப்பது, உறை போடுவது. வெளுத்து, தேய்த்து வந்த துணியின் பையில் எதுவும் இருக்காது. ஆக, பதினோராவது பேனா என்று ஒன்று வரப்போவதில்லை. இருப்பது மூடியில்லாத இந்தப் பேனா. மூடியில்லாமல் இந்த மை எத்தனை நாள் ஈரமாக இருக்கும் என்றும் தெரியாது. காற்றுப் பட்டால் முனை காய்ந்துவிடும்.

இரண்டு மணிக்கு மாமாவின் வண்டி கிளம்பியது. ஆவி அக்கா மூட்டைமேல் படுத்து, கூரையைப் பார்த்து உரக்க, "நான் கண்ண மூடிட்டேன்பா" என்று அறிவித்தாள்.

கோட்டுகளை விலக்கிக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டேன் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. நூறு எண்ணவும் நேரம் இல்லை. எண்ணுகிற நேரத்துக்கு முனை காயும். எதிர்வாளி காலியாக இருந்தது. காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே எழுதினேன்.

லிஃப்ட்காரி ஏழில் நிறுத்தினாள். ஏழு என்று யாரும் சொல்லவில்லை, உள்ளே யாரும் இல்லை. கதவு திறந்தது. ஸ்டூலிலிருந்து எழுந்தபோது முதுகு வலித்தது. நீளமான நடை, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். குரலும் செருப்பும் மட்டும் அவளுக்குத் தெரியும், எந்தக் கதவு யாருடையது என்று தெரியாது. மூன்றாவது கதவைத் தட்டினாள். உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. "யாரு?" என்று ஒரு குரல். இத்தனை வருடத்தில் அவளிடம் எல்லாரும் எண் சொல்லியிருக்கிறார்கள், ஒருவரும் யாரு என்று கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தாள். யாரோ பொத்தானை அழுத்த, லிஃப்ட் கீழே போய்க்கொண்டிருந்தது. "நான்தான்" என்றாள்.

கதவு திறந்ததா என்று எழுதலாமா என யோசித்தேன். பேனா நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தது. எழுதவில்லை. அவள் நான்தான் என்று சொல்லிவிட்டாள், அதற்குமேல் உள்ளே இருப்பவர் பாடு.

ரசீதுகளை அடுக்கிக் கட்டினேன். நிமிர்ந்தபோது இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. எதிரே இருந்த வாளியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு இரண்டு காலையும் தூக்கி அதன்மேல் நீட்டிக்கொண்டேன். வசதியாகத்தான் இருந்தது. கோட்டுகள் லேசாக ஆடின. தெருவில் ஒரு மிதிவண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

"அக்கா" என்று கூப்பிட்டேன். "முடிஞ்சிடுச்சு."

கோட்டுகளை விலக்கிப் பார்த்தேன். எத்தனையோ வருடத்துக்கு அப்புறம், மூட்டையின் மேல் ஒருக்களித்து, வாயைத் திறந்துகொண்டு, ஆவி அக்கா நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள்.